தண்டையார்பேட்டையில் ஒரு வாசக ஆசிரியர்

தமிழ் இலக்கிய வரலாறு எழுதுவோரிடம் ஒரு வழக்கம் உண்டு. ஓர் ஆசிரியர் எந்த ஏட்டுச்சுவடியைப் பதிப்பித்தார், எந்தச் சபையில் எவரோடு வாதிட்டார், எந்தக் கல்லூரியில் தமிழ்ப் பண்டிதராக அமர்ந்தார் என்பதையெல்லாம் விரிவாகச் சொல்வார்கள். அவர் முதன்முதலில் எந்தத் தெருவில் பிள்ளைகளை உட்கார வைத்து எழுத்துக் கூட்டிப் படிக்கச் சொல்லிக் கொடுத்தார் என்பது மட்டும் அரை வரியில் முடிந்துவிடும். 'தொடக்கத்தில் ஒரு பள்ளியில் பணியாற்றினார், பின்னர்...' என்று அந்த அரை வரி போகும். 'பின்னர்' என்ற சொல்லுக்குப் பிறகுதான் வரலாறே தொடங்குகிறது என்று நமக்கு ஓர் எண்ணம் படிந்துபோயிருக்கிறது.

கா. நமச்சிவாய முதலியாருக்கும் (1876–1936) இதுவே நேர்ந்தது. இன்றைக்கு அவர் பெயர் வருமானால் இரண்டு இடங்களில் வரும். பொங்கலைத் தமிழர் திருநாளாகக் கொண்டாட வேண்டும் என்று வற்புறுத்தியவர்களின் பட்டியலில் ஒன்று. மாநிலக் கல்லூரியில் தமிழாசிரியருக்கும் வடமொழி ஆசிரியருக்கும் இருந்த சம்பள வேறுபாட்டைப் பேசும் மேடைகளில் மற்றொன்று. இரண்டும் சேர்ந்து அவரை ஓர் அரசியல் மேற்கோளாக ஆக்கிவிட்டன. அவர் தம் வாழ்நாளில் பெரும்பகுதியைச் செலவிட்ட வேலை வேறு. பள்ளிப் பிள்ளைகளைத் தமிழ் வாசிக்க வைப்பது அது. அந்த வேலை தொடங்கிய இடம் வடசென்னைத் தண்டையார்பேட்டை என்பதால் எனக்கு அவர்மீது கூடுதலாக ஒரு பற்று உண்டு. நான் பாடம் நடத்தும் வகுப்பறைக்கும் அந்த இடத்துக்கும் அதிகத் தொலைவில்லை.

அவர் பிறந்த ஊர் காவேரிப்பாக்கம். அந்நாளைய வடஆர்க்காடு மாவட்டம். இப்போது இராணிப்பேட்டை மாவட்டம். பெரிய ஏரிக்குப் பேர்போன ஊர். தந்தை இராமசாமி முதலியார் அங்கே திண்ணைப் பள்ளிக்கூடம் நடத்தியவர். நமச்சிவாயர் முதலில் படித்தது அந்தத் திண்ணையில்தான். ஆசிரியர் வீட்டில் பிறந்த பிள்ளைக்கு ஒரு தொல்லை உண்டு: பள்ளிக்கூடம் விட்ட பிறகும் வாத்தியார் வீட்டில்தான் இருப்பார். ஆனால் அந்தத் தொல்லைதான் அவருக்கு முதலீடாகவும் ஆயிற்று என்று நினைக்கிறேன். பாடம் சொல்வது என்ற தொழிலின் உட்புறத்தை அவர் சிறுவயதிலேயே பார்த்துவிட்டார்.

திண்ணைப் பள்ளியைப் பற்றி இன்று இரண்டு விதமாகப் பேசுகிறார்கள். பிரம்பும் கோதண்டமும் நிறைந்த கொடுமைக்கூடம் என்பது ஒரு சாரார். நம் முன்னோரின் ஒப்பற்ற கல்விமுறை என்பது மறுசாரார். இரண்டிலும் உண்மை உண்டு; இரண்டும் அந்தப் பள்ளி எப்படி நடந்தது என்பதைச் சொல்வதில்லை. பிள்ளை முதலில் மணலில் விரலால் எழுதும். கை பழகிய பிறகு ஓலையும் எழுத்தாணியும். ஆத்திசூடி, கொன்றைவேந்தன், உலகநீதி, மூதுரை என்று வரிசையாக மனனம். கூடவே எண்சுவடி, குழிமாற்று. சற்று முன்னேறியவனுக்கு நிகண்டும் சதகமும். மூத்த மாணவனான சட்டாம்பிள்ளை இளையவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பான். வாத்தியார் மேற்பார்வை பார்ப்பார். ஒருவன் சொல்ல மற்றவர்கள் முறைவைத்துச் சொல்வார்கள். அங்கே கல்வி என்பது முதலில் காதின் வேலை, பிறகு நாவின் வேலை. கண்ணின் பங்கு குறைவு. மனப்பாடமாகத் தெரிந்த பாட்டின் ஏட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவன் 'படித்தான்' என்றால், அவன் உண்மையில் எழுத்தைப் பார்த்தானா, நினைவைப் பார்த்தானா என்று சொல்வது கடினம்.

இந்த முறையின் ஒரு பகுதி கப்பலேறிப் போன கதை சுவையானது. 1787இல் சென்னைக்கு வந்த ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார், 1789 முதல் எழும்பூரில் இருந்த படைவீரர்களின் அநாதைப் பிள்ளைகளுக்கான விடுதிப் பள்ளியைக் கவனித்துக்கொண்டார். ஒரு நாள் குதிரையில் போகும் வழியில் உள்ளூர்ப் பள்ளிக்கூடம் ஒன்றில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதுவதைப் பார்த்தார். தம் பள்ளியில் அதை நடைமுறைப்படுத்தச் சொன்னபோது அவரது உதவி ஆசிரியர்கள் முனைப்புக் காட்டவில்லை. எட்டு வயதுச் சிறுவன் ஒருவனிடம் கீழ்வகுப்பை ஒப்படைத்தார், வேலை நடந்தது. 1797இல் இலண்டனில் இதைப் பற்றி அவர் நூல் வெளியிட, 'மதராஸ் முறை' என்ற பெயரில் அது இங்கிலாந்தின் ஏழைப் பள்ளிகளில் பரவிற்று. நம் சட்டாம்பிள்ளை அங்கே போய் 'மானிட்டர்' ஆனார். பிறகு அதே மானிட்டர் ஆங்கிலேயரின் புதுமுறை என்ற பெயரில் நம்மிடமே திரும்பி வந்தார். (சட்டாம்பிள்ளைகள் எந்த வேடத்திலும் பிழைத்துக்கொள்வார்கள் என்பது நாம் பள்ளியிலேயே அறிந்த உண்மை.)

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் திண்ணைப் பள்ளிகளின் வாசலுக்கு அரசாங்கம் வந்தது. சென்னை மாகாணத்தில் பள்ளிகளுக்கு மானியம் தர ஒரு வழி வகுத்திருந்தார்கள். ஆய்வாளர் வருவார், பிள்ளைகளை வாசிக்கவும் எழுதவும் கணக்குப் போடவும் சொல்லிப் பார்ப்பார், தேறிய தலைக்கு இவ்வளவு என்று பணம். அச்சிட்ட, முன்பின் அறியாத ஒரு பக்கத்தைக் கொடுத்து 'வாசி' என்று சொன்னால், மூதுரையை முழுவதும் ஒப்பிக்கத் தெரிந்த பிள்ளை விழிக்கும். 'பாடம் தெரியும்' என்பதற்கும் 'வாசிக்கத் தெரியும்' என்பதற்கும் இடையே உள்ள பள்ளம் தமிழ் வாத்தியார்களின் கண்ணில் அப்போதுதான் பட்டிருக்க வேண்டும். நமச்சிவாயரின் தலைமுறை அந்தப் பள்ளத்தின் விளிம்பில் வளர்ந்தது. தந்தையின் திண்ணையில் காதால் கற்ற பிள்ளை, பிற்காலத்தில் கண்ணால் கற்கப்போகும் பிள்ளைகளுக்குப் புத்தகம் எழுதியது என்பதுதான் அவர் வாழ்க்கையின் சுருக்கம்.

பதினாறு வயதை ஒட்டி அவர் சென்னைக்கு வந்தார். 1856இல் இராயபுரத்திலிருந்து புறப்பட்ட தென்னிந்தியாவின் முதல் இரயில் வாலாஜா வரை சென்றது. அந்தத் தடத்தின் மறுமுனை நமச்சிவாயரின் ஊர்ப்பக்கம். இருப்புப்பாதை வந்த பிறகு வடஆர்க்காட்டுக் கிராமத்தானுக்குப் பட்டணம் என்பது ஒரு நாள் பயணமாகிவிட்டது. நெசவும் வேளாண்மையும் பொய்த்தவர்கள் அந்தத் தடம் வழியே வந்து வடசென்னையின் ஆலைகளிலும் துறைமுக வேலைகளிலும் சேர்ந்தார்கள். தமிழ் படித்தவர்களும் அதே வழியில்தான் வந்தார்கள்.

சென்னையில் அவருக்கு வாய்த்த ஆசிரியர் மகாவித்துவான் திருமயிலை சண்முகம் பிள்ளை. உ.வே. சாமிநாதையரின் மணிமேகலைப் பதிப்பு 1898இல் வருவதற்கு முன்பே, 1894இல் அந்நூலின் மூலத்தை அச்சிட்டவர் அவர். அத்தகையவரிடம் பாடம் கேட்பது ஒரு பக்கம். வயிற்றுப்பாட்டுக்குப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்வது மறுபக்கம். அந்தக் காலத்துத் தமிழ்ப் புலவர் பலருக்கும் இதுதான் நடைமுறை. நமச்சிவாயர் 1890களின் நடுவில் தண்டையார்பேட்டைப் பள்ளியொன்றில் ஆசிரியராகச் சேர்ந்தார். சென்னைத் தெருக்களில் மின்சார டிராம் ஓடத் தொடங்கியது 1895இல் என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் அந்தக் காலம் சற்றுக் கண்முன் வரும்.

அன்றைய தண்டையார்பேட்டை எப்படிப்பட்ட இடம்? வடக்கே திருவொற்றியூர்க் கோயில். அதற்கும் அப்பால் எண்ணூர்க் கழியும் உப்பளங்களும். கிழக்கே காசிமேட்டு மீனவர் குப்பங்கள். தெற்கே இராயபுரம் இரயில் நிலையமும், 1870களில் தொடங்கி 1881 புயலில் சிதைந்து மீண்டும் கட்டப்பட்ட துறைமுகமும். மேற்கே உப்பும் விறகும் ஏற்றிய படகுகள் போகும் பக்கிங்காம் கால்வாய். உழைப்பாளிகளின் நிலம் என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவது வழக்கம். அது அரை உண்மை. அந்த நிலத்துக்குத் தமிழ்க் கல்வியின் நெடிய வரலாறும் உண்டு.

ஊரின் பெயரையே எடுத்துக்கொள்ளலாம். தொண்டிப் பக்கத்திலிருந்து வந்ததால் 'தொண்டியார்' என்று அழைக்கப்பட்ட குணங்குடி மஸ்தான் சாகிபு தங்கிய இடம் என்பதால் வந்த பெயர் என்பார்கள். அந்த சூஃபிக் கவிஞர்மீது திருத்தணிகை சரவணப்பெருமாள் ஐயர் நான்மணிமாலை பாடினார். ஒரு முஸ்லிம் ஞானியைச் சைவப் புலவர் ஒருவர் பாடியது அன்றைக்கு வியப்பாக இருக்கவில்லை. சற்றுத் தெற்கே ஏழுகிணறு வீராசாமிப் பிள்ளைத் தெருவில் இராமலிங்க அடிகள் 1858 வரை வாழ்ந்தார். அங்கிருந்து திருவொற்றியூருக்கு நடந்து போய் வந்தார். அவரிடம் பாடம் கேட்ட தொழுவூர் வேலாயுத முதலியார் பின்னாளில் மாநிலக் கல்லூரியில் தமிழ்ப் பண்டிதரானார்.

காசிமேட்டுக்கு வந்தால் இன்னும் ஆழமான ஒரு செய்தி கிடைக்கிறது. 1845இல் பிறந்த காத்தவராயன் என்ற சிறுவன் தமிழ் கற்ற ஆசிரியர்களில் ஒருவர் காசிமேட்டு சதாவதானி வைரக்கண் வேலாயுதப் புலவர். இன்னொருவர் வல்லக்காளத்தி வீ. அயோத்திதாசக் கவிராயர். ஆசிரியர்மீது கொண்ட பற்றினால் அந்த மாணவன் தன் பெயரையே விட்டுவிட்டு ஆசிரியரின் பெயரைச் சூடிக்கொண்டான். 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' இதழைத் தொடங்கிய அயோத்திதாச பண்டிதர் அவர்தான். இன்று நாம் பண்டிதரின் பெயரைச் சொல்லும் ஒவ்வொரு முறையும் ஒரு திண்ணை வாத்தியாரின் பெயரைத்தான் சொல்கிறோம். ஒடுக்கப்பட்ட சமூகத்துப் பிள்ளைகளுக்குத் தமிழ்ப் புலமையின் உச்சம்வரை பாடம் சொல்லக்கூடிய ஆசிரியர்கள் துறைமுகம் வருவதற்கு முன்பே இந்தக் கரையில் இருந்தார்கள் என்பதை நம் கல்வி வரலாறுகள் இன்னும் முறையாக உள்வாங்கவில்லை.

ஆக, நமச்சிவாயர் வந்து சேர்ந்தது வெற்று நிலத்துக்கு அன்று. ஆனால் அவருக்கு முன்னிருந்தவர்கள் தேர்ந்த சிலருக்குப் புலமை தந்தார்கள். அவர் முன்னால் உட்கார்ந்தவை அச்சடித்த தமிழை வாசிக்கப் பழகவேண்டிய பிள்ளைகள். புலமை வேறு, வாசிப்பு வேறு. நன்னூலைக் கரைத்துக் குடித்தவருக்கு ஏழு வயதுப் பிள்ளை 'ழ'கரத்தில் ஏன் தடுமாறுகிறது என்பது தெரியவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. நாள்தோறும் அந்தத் தடுமாற்றத்தைப் பார்ப்பவருக்கே அது தெரியும்.

இவ்விடத்தில் என் வகுப்பில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. எண்ணூர்ப் பக்கத்துக் குப்பம் ஒன்றிலிருந்து வந்த மாணவர், முதலாண்டு இளங்கலை. கானாப் பாட்டில் கெட்டிக்காரர். அரை மணி நேரம் தாள் எதுவும் இல்லாமல் பாடுவார். ஒரு நாள் பாடநூலில் ஒரு பத்தியை உரக்க வாசிக்கச் சொன்னேன். எழுந்து நின்றவர் சற்றுத் தயங்கி, "சார், மனப்பாடமா சொல்லட்டா, பாத்துப் படிக்கட்டா?" என்று கேட்டார். வகுப்பு சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன் என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். பன்னிரண்டு ஆண்டுகள் பள்ளியில் இருந்த பிள்ளை, முழுப் பத்தியையும் முந்தின இரவு மனனம் செய்து வந்திருக்கிறார். பார்த்துப் படித்தால் தடுமாறும் என்பதால். மேல்வகுப்பு ஆசிரியர்கள் நாங்கள் இதற்கு நடுநிலைப் பள்ளியைக் குறை சொல்வோம். அவர்கள் தொடக்கப் பள்ளியைக் காட்டுவார்கள். நமச்சிவாயரைப் பற்றி நான் தேடிப் படிக்கத் தொடங்கியது அன்று மாலைதான்.

தண்டையார்பேட்டைக்குப் பிறகு அவர் வேறு பள்ளிகளுக்குப் போனார், வேப்பேரி எஸ்.பி.ஜி. பள்ளியில் நெடுங்காலம் இருந்தார். 1914இல் சென்னையில் மகளிருக்கான கல்லூரி தொடங்கப்பட்டபோது (1917இல் அதுவே இராணி மேரி கல்லூரி ஆயிற்று) அங்கே தமிழாசிரியரானார். அதன்பின் மாநிலக் கல்லூரி. வழக்கமான வரலாறு இந்தப் படிக்கட்டைத்தான் பெருமையாகச் சொல்லும். எனக்கு முக்கியமாகப் படுவது வேறு: படிக்கட்டில் ஏறிய பிறகும் அவர் கீழ்ப்படியை விடவில்லை. கல்லூரியில் இலக்கணம் நடத்திக்கொண்டே பள்ளி வகுப்புகளுக்கு வாசக நூல்களை எழுதினார். 'நல்லாசிரியன்' என்ற மாத இதழை ஏறத்தாழ 15 ஆண்டுகள் நடத்தினார். பெயரைக் கவனிக்க வேண்டும். புலவன், பண்டிதன், ஞானி என்றெல்லாம் இதழ்களுக்குப் பெயர் வைக்கக்கூடிய காலத்தில் அவர் தேர்ந்தது பள்ளிக்கூட வாத்தியாரின் பெயரை. இறையனார் களவியல், தஞ்சைவாணன் கோவை முதலியவற்றைப் பதிப்பித்த கை அது என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

'வாசகம்' என்ற சொல் அக்காலத்தில் பாடநூலுக்கு வழங்கிற்று. மாணிக்கவாசகரின் நூற்பெயரில் இருக்கும் அதே சொல் முதல் வகுப்பு, இரண்டாம் வகுப்பு என்று எண்ணிட்டுக் கடைகளில் விற்பனைக்கு வந்தது. ஏட்டுத் தமிழில் சொற்களுக்கு இடையே இடைவெளி கிடையாது. புள்ளியும் பெரும்பாலும் இராது. சந்தி சேர்ந்தே ஓடும். படிப்பவன் பொருளை முன்பே அறிந்திருந்தால்தான் பிரித்துப் படிக்க இயலும். வாசகப் புத்தகமோ சொல்லைப் பிரித்தது, நிறுத்தக்குறி இட்டது, சிறு வாக்கியத்திலிருந்து பெரிய வாக்கியத்துக்குப் படிப்படியாகப் போயிற்று. இந்த மாற்றத்தை நமச்சிவாயர் ஒருவர் செய்யவில்லை. மிஷனரிப் பள்ளிகளும் ஆறுமுக நாவலரின் பாலபாடங்களும் முன்பே வழி போட்டிருந்தன. அந்த வழியைத் தமிழ்நாட்டின் பள்ளிகளுக்குள் பரவலாகக் கொண்டுசென்ற சிலரில் அவர் முதல்வரிசையில் நிற்கிறார். இருபதாம் நூற்றாண்டின் முதல் முப்பது ஆண்டுகளில் பள்ளி சென்ற எத்தனையோ பேர் அவருடைய வாசகங்களில் விரல் வைத்து எழுத்துக் கூட்டியிருக்கிறார்கள்.

பாடநூல்களால் அவர் பொருளும் ஈட்டினார். இதைச் சொல்லும்போது தமிழ்த்துறைகளில் ஒரு புன்முறுவல் வரும். 'பாடநூல் முதலியார்' என்ற தொனியில். எனக்கு அந்தப் புன்முறுவல் பிடிப்பதில்லை. ஐந்நூறு படி அச்சிட்டு அதில் நானூறைப் பரணில் போடும் ஆய்வு நூலைவிட, பிள்ளையின் கையில் கிழிந்துபோகும் வாசகம் எளிய நூல் என்று எவரேனும் கருதினால், அவர்கள் ஒரு முறை எழுதிப் பார்க்கட்டும். அறுபது சொற்களுக்குள், கூட்டெழுத்துச் சிக்கல் இல்லாமல், பிள்ளைக்குக் கொட்டாவி வராமல் ஒரு பாடம். அதே சமயம் பாடநூல் என்பது அன்றும் ஒரு சந்தைதான். எவருடைய நூல் எந்தப் பள்ளிக்குப் போகும் என்பதில் தகுதி மட்டுமே பேசவில்லை என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

சம்பளக் கதைக்கு வருவோம். மாநிலக் கல்லூரியில் வடமொழிப் பேராசிரியர் முந்நூறு ரூபாய்க்கு மேல் பெற்றபோது தமிழுக்கு இருந்த நமச்சிவாயருக்கு 81 ரூபாய் என்பது பெரியார் முதலாகத் திராவிட இயக்கத்தார் பலமுறை எடுத்துக்காட்டிய செய்தி. தமிழ் வித்துவான் பட்டத்துக்கு வடமொழி அறிவு கட்டாயம் என்றிருந்த நிலை மாறியதிலும் அவருக்குப் பங்குண்டு என்பர். அந்த மேடைகளின் முன்னால் தரையில் உட்கார்ந்து கேட்ட கூட்டத்தில் பலர் அவருடைய வாசகத்தில் தமிழ் படித்தவர்களாகவே இருந்திருப்பார்கள். அந்தத் தொடர்பை மட்டும் எவரும் சொன்னதாக நினைவில்லை.

அவர் காலத்திலேயே ஆசிரியத் தொழிலிலிருந்து வேறு திசைக்குப் போன ஒருவரையும் இங்கே நினைக்கத் தோன்றுகிறது. திரு.வி.க. தம் ஆசிரியர் நா. கதிரைவேற் பிள்ளையின் வழக்கில் சாட்சி சொல்லப் போய்ப் பள்ளியிறுதித் தேர்வை இழந்தவர். 1910 முதல் ஆயிரம்விளக்கு வெஸ்லியன் பள்ளியில் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னார். 1916இல் வெஸ்லி கல்லூரிக்குப் போனார். 1917இல் 'தேசபக்த'னுக்காக வேலையை விட்டார். மறு ஆண்டு ஏப்ரலில் பெரம்பூரில் பி.பி. வாடியா தலைமையில் சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவானபோது ஆலைத் தொழிலாளர் முன் நின்று பேசிய தமிழ்க் குரல்களில் முதன்மையானது அவருடையது. வகுப்பறையில் பழகிய குரல் ஆலை வாசலுக்குப் போயிற்று. வடசென்னை அவரை நினைவில் வைத்திருக்கிறது. சிலையும் பெயரும் உண்டு. ஆலை வாசலுக்குப் போகாமல் வகுப்பறையிலேயே இருந்துவிட்டவரை நினைவில் வைப்பதற்கு நம்மிடம் பழக்கம் இல்லை.

பசியோடு வந்த பிள்ளைக்கு வாசகம் ஏறாது என்பதைச் சென்னை மாநகராட்சி 1920இல் புரிந்துகொண்டது. வடசென்னைக்காரரான பிட்டி தியாகராய செட்டியார் தலைவராக இருந்த அவ்வாண்டில், ஆயிரம்விளக்குப் பள்ளியில் ஒரு பிள்ளைக்கு நாளொன்றுக்கு ஓர் அணாவுக்கு மிகாமல் சிற்றுண்டி தர மன்றம் இசைந்தது. வேறு சில பள்ளிகளுக்கும் பரவிய அத்திட்டம் 1925இல் அரசாங்கத்தின் தடையால் நின்றது. 2022 செப்டம்பரில் முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் தொடங்கியபோது வடசென்னைப் பள்ளிகளும் முதல் கட்டத்தில் இடம்பெற்றன.

நமச்சிவாயர் 1936 மார்ச் 13 அன்று மறைந்தார். சென்ற மாதம் ஒரு மாலை, கொள்கலன் லாரிகள் வரிசையாக நின்ற திருவொற்றியூர் நெடுஞ்சாலையைக் கடந்து, தண்டையார்பேட்டையின் உள்தெருக்களில் நடந்துபோனேன். மாநகராட்சி நடுநிலைப் பள்ளி ஒன்றில் நேரம் முடிந்தும் ஒரு வகுப்பறையில் விளக்கு எரிந்தது. ஆசிரியை ஒருவர் நாற்காலியை ஓரமாகத் தள்ளிவிட்டுத் தரையில் உட்கார்ந்திருந்தார். எதிரே ஐந்தாறு பிள்ளைகள். ஒரு சிறுமி ஒரே வரியில் மூன்றாம் முறையாக நின்றாள். "சொல்லித் தரமாட்டேன், பாத்து நீயே சொல்லு" என்றார் ஆசிரியை. நான் சன்னலோரம் நிற்பதைப் பார்த்து, யாருடைய தகப்பன் என்று கேட்டார். நானும் வாத்தியார்தான் என்றேன். அவர் தலையசைத்துவிட்டு மறுபடியும் புத்தகத்தின் பக்கம் திரும்பிக்கொண்டார்.